சக்கர நாற்காலியில் ஒரு பாலைவனப் பாதை: கொழும்பிலிருந்து அரிசோனா போகும் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போகும் நம் பெற்றோருக்கு எல்லா ஊரிலும் ஒரே வசனம் காத்திருக்கிறது: "அம்மா காரிலேயே இருக்கட்டும்." அருவிக்குப் போனாலும் அதுதான், மலைக்குப் போனாலும் அதுதான். அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் தனியே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அம்மாவிடம் யாரும் கேட்பதில்லை.

என் அம்மாவுக்கு 74 வயது. வெள்ளவத்தையில் என்னோடு இருக்கிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. வீட்டுக்குள் கைத்தடி, வெளியே சக்கர நாற்காலி. தம்பி அரிசோனாவில் வேலை செய்கிறான். போன ஜனவரியில் அவனிடம் போனபோது அம்மாவைக் காரில் விடாமல் பாலைவனத்துக்குள் கூட்டிப்போனோம். 800 மீற்றர் பாதை, இரண்டு மணி நேரம். அதற்கு நாங்கள் செய்த ஆயத்தம் எல்லாவற்றையும், பிழைவிட்ட இடங்களையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். சக்கர நாற்காலியில் இருப்பவர் அப்பாவாக இருக்கலாம், விபத்தில் கால் இழந்த தம்பியாக இருக்கலாம். முறை ஒன்றுதான்.

எந்தப் பாதையைத் தேர்வது

அரிசோனாவின் டூசோன் நகரத்துக்கு இரண்டு பக்கமும் சவாரோ தேசியப் பூங்கா இருக்கிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'சகுவாரோ' என்று வாசிக்கத் தோன்றும். உச்சரிப்பு சவாரோ. கை விரித்து நிற்கும் அந்த உயரமான கள்ளிதான் அது. சொனோரன் பாலைவனத்தில் மட்டுமே தானாக வளரும். 1933இல் தேசிய நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட நிலம், 1994இல் தேசியப் பூங்காவானது. நகரம் நடுவில் இருப்பதால் மேற்குப் பகுதியும் கிழக்குப் பகுதியும் தனித்தனி. ஒன்றிலிருந்து மற்றதற்குக் காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒரே நாளில் இரண்டையும் பிடிக்க நினைக்க வேண்டாம்.

மேற்கில் 'டெசர்ட் டிஸ்கவரி' பாதை. அரை மைல், அதாவது சுமார் 800 மீற்றர், முழுவதும் தளம் போட்ட சுற்றுப்பாதை. கிழக்கில் 'டெசர்ட் இகொலஜி' பாதை, கால் மைல், அதுவும் தளம் போட்டது. இரண்டிலும் செடிகொடிகளை விளக்கும் பலகைகள் உண்டு, உட்கார வாங்குகள் உண்டு. முதல் தடவை போகிறவர்களுக்கு மேற்குப் பாதையைத்தான் சொல்வேன். சவாரோக்கள் அடர்ந்து நிற்பது அந்தப் பக்கம். அதற்கு ஒரு மைல் முன்னால் ரெட் ஹில்ஸ் விசிட்டர் சென்டர் இருப்பதால் கழிவறைக் கவலையும் இல்லை.

வேறு பூங்காவுக்குப் போகிறவர்கள் இணையத்தில் 'அணுகக்கூடிய பாதை' என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. மூன்று விவரம் கேளுங்கள்: தரை என்ன, அகலம் எவ்வளவு, சரிவு எவ்வளவு. அமெரிக்க மத்திய அரசின் நிலங்களில் போடப்படும் பாதைகளுக்கென்று 2013இல் விதிகள் வந்தன. அவற்றின்படி அகலம் குறைந்தது 36 அங்குலம். 20 மீற்றருக்கு 1 மீற்றர் உயரும் சரிவு என்றால் எவ்வளவு தூரமும் போகலாம். அதைவிடச் செங்குத்து என்றால் தூரத்துக்கு ஒரு எல்லை இருக்கும், இடையில் சமதளமாக ஓய்விடமும் வேண்டும். இந்த மூன்று விவரத்தையும் தருகிற பாதை நம்பத் தகுந்தது. 'பெரும்பாலும் சமதளம்' என்று மட்டும் எழுதியிருந்தால் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கட்டணம் வாகனத்துக்கு. ஒருமுறை கட்டினால் ஏழு நாள் செல்லும், இரண்டு பகுதிக்கும் அதே சீட்டு. மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு இலவச அனுமதி அட்டை ஒன்று இருக்கிறது. ஆனால் அது அமெரிக்கக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கு மட்டும். விசிட் விசாவில் போகும் அம்மாவுக்குக் கிடைக்காது. கிரீன் கார்ட் இருக்கிற அம்மாவுக்குக் கிடைக்கும். இது தெரியாமல் வாசலில் நின்று வாதாடுகிறவர்கள் உண்டு.

எந்த மாதம், எந்த மணி

நவம்பர் முதல் மார்ச் வரை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜூனில் டூசோனின் பகல் வெப்பம் சாதாரணமாகவே 38 பாகை செல்சியஸைத் தொடும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அங்கேயும் ஒரு மழைக்காலம், அதை அவர்களும் 'மொன்சூன்' என்றுதான் சொல்கிறார்கள். பின்னேரத்தில் இடியும் மின்னலும், வறண்ட ஓடைகளில் திடீர் வெள்ளமும் வரும். சக்கர நாற்காலியோடு அவசரமாகத் திரும்பி ஓட முடியாது. அதனால் அந்த மாதங்கள் நமக்குச் சரிவராது. சவாரோ பூப்பது ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. பூவைப் பார்த்தே தீருவேன் என்பவர்கள் மே முதல் வாரம், சூரியன் ஏறுவதற்குள், அரை மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும்.

இனி மணி. கொழும்புக்கும் அரிசோனாவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைக்கு மணிக்கூட்டை மாற்றும் வழக்கம் இல்லை, அதனால் வருஷம் முழுக்க இதே கணக்குத்தான். அங்கே காலை 7 என்றால் இங்கே இரவு 7.30. போய் இறங்கிய முதல் சில நாட்கள் பெரியவர்கள் அதிகாலை மூன்று, நாலு மணிக்கே கண் விழித்துவிடுவார்கள். அதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். நாங்கள் நாலாம் நாள் காலை எட்டரைக்குப் பாதையில் இருந்தோம். ஆனால் பதினொரு மணிக்கு அம்மாவின் உடம்புக்கு நள்ளிரவு நெருங்குகிறது, தலை சாயத் தொடங்கும். அதற்குள் காருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் போங்கள்.

ஜனவரியில் டூசோனின் அதிகாலைக் குளிர் நாலு, ஐந்து பாகை வரை இறங்கும். மத்தியானம் 19 பாகை அளவுக்கு ஏறும். கொழும்பு உடம்புக்கு அந்தக் காலை நுவரெலியா மாதிரி. பாலைவனம் என்றதும் மெல்லிய சேலையை எடுத்துவைத்த அம்மாவிடம் பெட்டியைத் திரும்பத் திறக்கவைத்தேன். ஒன்றன்மேல் ஒன்றாகக் கழற்றக்கூடிய மூன்று உடுப்பு, காலுக்குக் கம்பளிக் காலுறை. நடப்பவருக்கு உடம்பு சூடேறும், உட்கார்ந்திருப்பவருக்கு ஏறாது. தள்ளுகிற உங்களுக்கு வியர்க்கும்போது அவருக்குக் கால் விறைத்துக்கொண்டிருக்கும்.

கொழும்பில் ஒத்திகை

குறைந்தது நாலு வாரம் முன்னால் தொடங்குங்கள். காலிமுகத்திடலின் கடலோர நடைபாதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர். போய்த் திரும்பினால் பாலைவனப் பாதையைவிடக் கொஞ்சம் கூட. காலை ஆறரைக்குப் போனால் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. காற்று மட்டும் எதிர்த்து அடிக்கும், அதுவும் நல்ல பயிற்சிதான். காற்று இல்லாமல் மரநிழலில் பழக சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிய பாதைகள் நல்லவை.

ஒத்திகையில் பார்க்க வேண்டியது உங்கள் கை பலத்தை அல்ல. அம்மா எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார முடியும் என்பதை. என் அம்மாவுக்கு முதல் நாள் நாற்பது நிமிடத்தில் இடுப்பு வலித்தது. இருக்கை மெத்தையை மாற்றி, கால்பலகையை இரண்டு அங்குலம் உயர்த்தினோம். அடுத்த வாரம் ஒன்றரை மணி நேரம் தாங்கினார். கால்பலகை தாழ இருந்தால் உடம்பின் பாரம் எல்லாம் தொடையில் விழும், ரொம்ப உயர இருந்தால் பின்பக்கத்தில் விழும். தொடை இருக்கையோடு சமமாகப் படுகிற உயரம்தான் சரி. இந்தச் சின்னத் திருத்தத்துக்கு ஒரு ஸ்பானர் போதும்.

சில்லு விஷயத்தைக் கற்றது காலி வீதியில். கடைவாசல் நடைபாதையில் இரண்டு கல்லுக்கு நடுவே விரலளவு இடைவெளி. முன்னால் இருக்கும் சின்னச் சில்லு நேராக அதற்குள் இறங்கி நின்றுவிட்டது. நான் தள்ளிய வேகம் நிற்கவில்லை. கதிரை முன்பக்கம் குத்த, அம்மா கைப்பிடியை விட்டு முன்னால் சரிந்தார். ஒரு வாழைப்பழ வியாபாரி ஓடிவந்து தோளைப் பிடித்தார். காயம் இல்லை, ஆனால் அன்று முழுக்க அம்மா பேசவில்லை. நம் நாட்டிலும் மாற்றுத்திறன் உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, 2006இல் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. அவை நடைபாதைக் கற்கள்வரை வந்து சேர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அன்று பழகிக்கொண்ட முறை இது. வெடிப்போ மணலோ குறுக்கே வந்தால் நேராக மோதாதீர்கள். நில்லுங்கள். பின்னால் இருக்கும் மிதிகோலில் காலை வைத்து, கைப்பிடியைக் கீழே அழுத்தி, முன்சில்லுகளைத் தூக்கிக் கடத்துங்கள். தடை நீளமாக இருந்தால் கதிரையையே திருப்பி, பெரிய சில்லு முன்னே போகும்படி பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு தடவையும் "அம்மா, தூக்கப் போறன்" என்று சொல்லிவிட்டுத் தூக்குங்கள். சொல்லாமல் தூக்கினால் அவர் பதறிப்போய்க் கையை வெளியே நீட்டுவார், அது சில்லுக்குள் மாட்டும். பாலைவனப் பாதையில் தளம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மழைக்குப் பிறகு மணலும் கூழாங்கல்லும் அடித்து வந்து கிடக்கலாம். நாங்கள் அப்படி ஓரிடத்தைப் பின்பக்கமாக இழுத்துத்தான் கடந்தோம்.

கதிரையும் பையும்

சில்லு காற்றடைத்ததா, திட ரப்பரா என்று முதலில் பாருங்கள். காற்றடைத்தது குலுக்கம் குறைவு, ஆனால் முள் குத்தினால் பயணம் முடிந்தது. சின்ன வயதில் வெறுங்காலில் நெருஞ்சி முள் குத்திய ஞாபகம் பலருக்கும் இருக்கும். அதே நெருஞ்சி அரிசோனாவிலும் பரவிக் கிடக்கிறது. ஆட்டுத்தலை மாதிரி இரண்டு கொம்பு இருப்பதால் அதன் முள்ளுக்கு அங்கே 'ஆட்டுத்தலை' என்றே பெயர். பாதையைவிடக் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில்தான் அது அதிகம். திட ரப்பர் சில்லு உள்ள கதிரையாக இருந்தால் கவலை குறைவு. காற்றடைத்தது என்றால் ஒட்டுப் போடும் பொருட்களும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும்.

பையில் இன்னும் இவை வேண்டும். அகலமான பல் உள்ள சீப்பு ஒன்றும் முள்வாங்கி ஒன்றும், ஏன் என்று கீழே சொல்கிறேன். அகன்ற விளிம்புத் தொப்பி, குடை வேண்டாம், ஏனென்றால் குடை பிடித்தால் தள்ள ஒரு கைதான் மிஞ்சும். கைக்குச் சைக்கிள்காரர் போடும் கையுறை, தானே சில்லை உருட்டுகிறவர் என்றால் கட்டாயம். ஒரு வெள்ளைத் துணி. கதிரையின் கறுப்பு ரெக்சினும் இரும்புக் கம்பியும் வெயிலில் தொட முடியாத அளவு சுடும், நிறுத்தும்போதெல்லாம் போர்த்திவிடலாம். வழக்கமான குளிசைகள், ஒரு வேளைக்குக் கூடுதலாக. அப்புறம் உதட்டுக்கும் கைக்கும் பூச ஏதாவது ஒன்று, தேங்காயெண்ணெயே போதும்.

நாற்பது, ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்திருப்பவரின் பாரத்தை மாற்ற வேண்டும். ஒரு பக்கம் சாய்வது, கைப்பிடியை ஊன்றி ஒரு நிமிடம் எழும்புவது, முடியாதவர்களுக்கு நாம் முன்னால் குனியவைத்துப் பிடிப்பது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்களுக்கு வலி சொல்லாது, அதனால் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். புண் வந்தால் ஆற மாதக்கணக்காகும்.

விமானம்

டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவியைப் பதிந்துவிடுங்கள், கட்டுநாயக்கவில் போய்க் கேட்கலாம் என்று விடாதீர்கள். மூன்று வகை உண்டு: தூரம் நடக்க முடியாது ஆனால் படி ஏறலாம், படியும் ஏற முடியாது, இருக்கைவரை முழு உதவி வேண்டும். எது என்று சரியாகச் சொன்னால்தான் விமானத்துக்குள் போகும் ஒடுங்கிய கதிரை தயாராக இருக்கும். சொந்தக் கதிரையை விமான வாசல்வரை கொண்டுபோய் அங்கே ஒப்படைக்கக் கேளுங்கள். கழற்றக்கூடிய கால்பலகை, மெத்தை இரண்டையும் கையோடு எடுத்து உள்ளே போங்கள். ஒப்படைக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுத்துவைப்பது நல்லது. மின்கல நாற்காலி என்றால் மின்கலத்தின் வகையையும் அளவையும் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

தண்ணீர்: கொழும்பு உடம்பை ஏமாற்றும் காற்று

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கொழும்பில் வருஷத்துக்கு 2,300 மில்லிமீற்றருக்கு மேல் மழை. டூசோனில் 300க்கும் குறைவு. நம் ஊரில் காற்றே ஈரம், வியர்வை உடம்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், சட்டை நனையும், அதைப் பார்த்துத் தண்ணீர் குடிக்கிறோம். அங்கே வியர்வை வெளியே வந்த கணமே காய்ந்துவிடுகிறது. சட்டை உலர்ந்திருக்கும், நெற்றி உலர்ந்திருக்கும், குளிராகக்கூட இருக்கும். ஆனால் உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. "எனக்கு வியர்க்கவே இல்லையே" என்று அம்மா சந்தோஷமாகச் சொன்ன அன்று மாலை அவருக்குத் தலை இடித்தது. அது பாதைக்குப் போவதற்கு முதல் நாள், தம்பி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்ததற்கே.

வயது போனவர்களுக்குத் தாகம் எடுப்பதும் குறைவு. அதனால் தாகத்தை நம்பாமல் மணிக்கூட்டை நம்புங்கள். வெயிலில் நடப்பவருக்கு மணிக்கு ஒரு லீற்றர் என்பது பாலைவனத்துக்கான பொது அறிவுரை. குளிர்காலக் காலையில் உட்கார்ந்து வருபவருக்கு அவ்வளவு தேவைப்படாது. நாங்கள் பதினைந்து நிமிடத்துக்கு ஒருதரம் நாலைந்து மிடறு என்று வைத்தோம். பாதை தொடங்கும் இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், போத்தல்களை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். உடம்பில் நீர் வற்றினால் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற் இரண்டு கொழும்பிலிருந்தே கொண்டுபோனோம், ஒன்றை அந்தத் தலையிடிக்குக் கரைத்துக் கொடுத்தோம். காலையில் பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் அதைத் தண்ணீர்க் கணக்கோடு சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது.

கழிவறைக்குப் போக வேண்டிவரும் என்று பயந்து அம்மாமார் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். இது எல்லா வீட்டிலும் நடக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அம்மா, ஒரு மைலில் கழிவறை இருக்கு, கதிரையோடயே உள்ள போகலாம், எப்ப சொன்னாலும் திரும்புவம்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகுதான் என் அம்மா போத்தலை வாங்கினார்.

இருதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீர் அளவோடு குடிப்பவர்களும், இரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் குளிசை எடுப்பவர்களும் புறப்படும் முன் டொக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். முதுகுத்தண்டின் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வையே சரியாக வராது, உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. அவர்களுக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலும் ஈரத்துண்டும் குடிநீருக்குச் சமமான முக்கியம்.

பாதையில்

காரை நிறுத்தியதும் கதிரையை இறக்கிப் பிரேக் போட்டு, சில்லு நிற்கும் தரையில் முள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அம்மாவை மாற்றுங்கள். பிறகு அவசரப்படாதீர்கள். ஐம்பதடி போய் நில்லுங்கள். தூரத்தில் மலை, கிட்டே சாம்பல்பச்சைப் புதர்கள், முதல் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கண் பழக ஐந்து நிமிடம் வேண்டும்.

அம்மா ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. முதல் வளைவில் சொன்னார்: "பாலைக்குப் பொழுது நண்பகல் எண்டு நாப்பது வருஷம் படிப்பிச்சனான். நீங்கள் விடியக்காலமை கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்." தம்பி, "நண்பகலுக்குக் கூட்டிவந்தா அக்கா என்னைக் கொண்டுடுவா அம்மா" என்றான்.

இனி என்னென்ன பார்ப்பது. கதிரையில் இருப்பவரின் கண் தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கிறது. பாலைவனத்தில் முக்கியமான காரியங்கள் நடப்பதும் அந்த உயரத்துக்குக் கீழேதான். பச்சைத் தோல் உள்ள ஒரு மரத்தைத் தேடுங்கள், அது பாலோ வெர்டே. இலை சின்னது, வறட்சியில் அதையும் உதிர்த்துவிடும். அப்போது பட்டையே வெயிலில் உணவு தயாரிக்கும். அதன் அடியில் குனிந்து பார்த்தால் விரல் உயரக் கள்ளிக்குஞ்சு ஒன்று நிற்கலாம். சவாரோவின் விதை வெட்டவெளியில் விழுந்தால் வெயிலிலோ உறைபனியிலோ செத்துப்போகும். இப்படி ஒரு தாய்மரத்தின் நிழல் கிடைத்தால்தான் பிழைக்கும். பிறந்து பத்து வருஷத்தில் அது நாலு சென்ரிமீற்றர்கூட வளர்ந்திருக்காது. நானும் தம்பியும் நின்றபடி மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடியில் இருந்த குஞ்சைக் கண்டது அம்மாதான்.

பெரிய சவாரோவுக்குப் பக்கத்தில் கதிரையைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள், நேராக நிறுத்தினால் அண்ணாந்து கழுத்து வலிக்கும். உடம்பு முழுக்க மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக இருக்கும், ஆர்மோனியத் துருத்தி மாதிரி. மழை பெய்தால் வேர் தண்ணீரை இழுக்க இழுக்க மடிப்பு விரிந்து உடம்பு பருக்கும், வறட்சியில் திரும்பச் சுருங்கும். மடிப்பு ஆழமாக இருக்கிறதா, விரிந்திருக்கிறதா என்று பார்த்தே சமீபத்தில் மழை வந்ததா என்று சொல்லிவிடலாம். தண்டில் வட்ட ஓட்டைகள் தெரியும். கீலா மரங்கொத்தி குடைந்தவை அவை. காயம்பட்ட இடத்தைச் சுற்றிக் கள்ளி கடினமான ஒரு சுவரைக் கட்டிக்கொள்கிறது. மரங்கொத்தி விட்டுப்போன வீட்டில் பிறகு குட்டி ஆந்தைகள் குடியேறும்.

விளக்கம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்த தம்பி, சவாரோவுக்கு முதல் கை முளைக்க ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வருஷம் ஆகும், இன்னும் வறண்ட இடத்தில் நூறுகூட ஆகும் என்றான். எங்களுக்கு முன்னால் கையே இல்லாத ஒரு சவாரோ, பன்னிரண்டடி இருக்கும். தோள் உயரத்தில் ஒரு உருண்டை முளை, முஷ்டி அளவு, சுற்றிலும் புதுமுள் வெள்ளையாக. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "என்ர வயசுதான் போல. இப்பதான் கை வருது" என்றார்.

செத்து விழுந்த சவாரோவும் கண்ணில் படும். சதை உலர்ந்து போனபின் நீளநீளமான மரக்கம்புகள் கட்டாக நிற்கும், அதுதான் எலும்பு. அந்த நிலத்தின் பழங்குடிகளான டொஹோனோ ஓ'ஓதம் மக்கள் அந்தக் கம்புகளைச் சேர்த்து நீண்ட தடி கட்டி, கோடையில் உச்சியிலிருக்கும் சிவந்த பழங்களைத் தட்டி விழுத்துவார்கள். பலகையில் இருந்த படத்தைப் பார்த்ததும் அம்மா, "கொக்கத்தடிதானே" என்றார். அவர்களுடைய பெயரின் பொருளே 'பாலைவன மக்கள்'.

கிரியோசோட் என்ற புதர் எங்கேயும் இருக்கும், சின்ன மினுங்கும் இலை. கிளை பாதைக்குள் நீண்டிருந்தால் பறிக்காமல் இரண்டு கையாலும் பொத்தி, உள்ளே வாயால் ஊதி, உடனே முகர்ந்து பாருங்கள். பாலைவனத்தில் மழை பெய்யும்போது எழும் மணம் அதுதான். கண் பார்வை குறைந்தவர்களோடு போனால் இதை விட்டுவிடாதீர்கள். பூங்காவில் எதையும் பறிப்பதோ பொறுக்குவதோ சட்டப்படி குற்றம், விழுந்து கிடக்கும் முள்ளைக்கூட.

நாகதாளியும் அங்கே உண்டு, மெஸ்கீற் மரமும் உண்டு. நம் புந்தல தேசியப் பூங்காவை ஆக்கிரமித்து நிற்கும் நாகதாளிக்கும் சீமைக்கருவேலுக்கும் இவை நெருங்கிய சொந்தம். இங்கே வந்தேறித் தொல்லை தரும் அந்தக் குடும்பங்கள் அங்கே பறவைக்கும் விலங்குக்கும் சோறு போடுகின்றன.

முள்ளும் பாம்பும்

சீப்பு எதற்கென்று இப்போது சொல்கிறேன். சொய்யா என்ற கள்ளி, தூரத்தில் பார்த்தால் பஞ்சு பொதிந்த பொம்மை மாதிரி அழகாக இருக்கும். அதன் தண்டு துண்டு துண்டாகக் கழன்று விழும். லேசாக உரசினாலே ஒரு துண்டு தோலிலோ துணியிலோ குத்திக்கொண்டு வந்துவிடும். முள்ளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொளுவிகள் இருப்பதால் கையால் பிடித்து இழுத்தால் அந்தக் கையிலும் ஏறும். துண்டுக்கும் தோலுக்கும் நடுவே சீப்பை நுழைத்து, ஆள் இல்லாத பக்கமாக ஒரே வீச்சில் தட்டிவிட வேண்டும். மிச்சத்துக்கு முள்வாங்கி. கதிரைச் சில்லு கீழே கிடக்கும் துண்டின்மேல் ஏறினால் அது சுழன்று கைக்கு வரும். தானே உருட்டுகிறவர்களுக்கு அதுதான் ஆபத்து. ஒருவர் முன்னால் நடந்து தரையைப் பார்த்துக்கொண்டு போகட்டும். தொங்கும் சேலைத் தலைப்பை மடியில் செருகிவிடுங்கள்.

கிலுகிலுப்பைப் பாம்புகள் உண்டு, குளிர்காலத்தில் வெளியே வருவது குறைவு. தளத்தைவிட்டு இறங்காமல், புதருக்கு அடியில் கைவிடாமல் இருந்தால் போதும். சத்தம் கேட்டால் நின்று, எங்கே என்று கண்டபின், கதிரையைப் பின்பக்கமாக மெதுவாக இழுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

அன்றே அம்மாவின் குதிகால், இடுப்பு, முதுகு எல்லாவற்றையும் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு என்றால் அடுத்த நாள் கதிரையில் உட்காரவைக்க வேண்டாம். கால் தோல் வெடித்திருக்கும், எண்ணெய் பூசுங்கள். சில்லை ஒரு சுற்று உருட்டி முள் தேடுங்கள். முள்ளை உடனே பிடுங்காமல் பம்பும் ஒட்டும் கையில் இருக்கும்போது பிடுங்குங்கள், ஏனென்றால் பல நேரம் அந்த முள்தான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் வலப்பக்கச் சில்லில் இரண்டு நெருஞ்சி இருந்தது. அடுத்த நாள் காலை காற்று இறங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். அம்மா எனக்கு முன்னால் எழும்பி, தொப்பியும் போட்டுக்கொண்டு, கதிரைக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "மற்றப் பக்கத்திலயும் ஒரு பாதை இருக்கு எண்டு தம்பி சொன்னவன். அது சின்னன்தானே?" என்றார். ஒட்டுப் போட்டோம். ஒரு நாள் இடைவெளி விட்டு, கிழக்குப் பக்கத்துக் கால் மைலுக்குக் கிளம்பினோம்.